பழமொழியில் மட்டும் தெரிந்த கொடி

தை பிறந்து, மாரி மழை விட்டிருந்த ஒரு காலையில் என் ராத்தாவின் மகனோடு மருதமுனைக் கடற்கரைக்குப் போயிருந்தேன். வயது பதினாறு. வாடைக்காற்று அடித்த மாதங்களில் கடல் ஏறி வந்து கரையைத் தின்றுவிட்டுப் பிறகு புது மணலைக் கொண்டுவந்து போட்டிருந்தது. அந்தப் புது மணலில் வேறு எதுவும் முளைக்கவில்லை. ஒரே ஒரு கொடி மட்டும் நீளமாகப் படர்ந்து, ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த பூக்களை விரித்து வைத்திருந்தது.

மருமகன் குனிந்து படம் எடுத்தான். கைத்தொலைபேசியில் செடிகளை அடையாளம் காட்டும் செயலி ஒன்று வைத்திருக்கிறான். சில நொடிகளில் விடை வந்தது.

"மாமா, இது பீச் மோர்னிங் குளோரியாம்."

"இது அடம்பன்டா" என்றேன்.

"அடம்பன் என்டா? பழமொழியில வாற அடம்பனா? அது இதுவா?"

அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்ற பழமொழி அவனுக்குப் பாடமாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒற்றுமை பற்றி எழுதிய கட்டுரையின் முதல் வரியாக அதை எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறான். கொடியையும் அவனுக்குத் தெரியும். பந்து விளையாடும்போது காலில் சிக்குவது அதுதான். ஆனால் அந்தச் சொல்லும் இந்தக் கொடியும் ஒன்று என்பதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவனுடைய வயதில் எங்களுக்கும் யாரும் சொல்லித்தரவில்லைதான். கடற்கரையில் இருந்தோம், அதனால் தெரிந்திருந்தது.

அடம்பன் ஆண்டு முழுவதும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கும். ஆனால் எங்கள் கரையில் அது கண்ணில் படுவது மாரிக்குப் பிறகுதான். மழை நின்று, கடல் அடங்கி, மாயவலைக்காரரும் கரைவலைக்காரரும் திரும்பவும் தோணியை இறக்கும் நாட்களில் வெறும் மணலில் முதலில் பூத்து நிற்பது இதுதான். விடியும்போது பூ விரியும். வெயில் ஏற ஏற வாடத் தொடங்கும். ஒரு பூவுக்கு ஒரு நாள்தான். மறுநாள் வேறு பூ. புனல் போன்ற அந்தப் பூவைப் பார்த்தால் வத்தாளங்கொடியின் பூ நினைவுக்கு வரும். வத்தாளையும், நாம் சுண்டித் தின்னும் கங்குனும் இதற்கு நெருங்கிய உறவுகள். மூன்றும் ஒரே தாவரப் பேரினம்.

பெயர்களைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஒரு செடிக்கு மக்கள் வைக்கும் பெயரைக் கொஞ்சம் கவனித்தால், அந்தச் செடியை அவர்கள் எங்கிருந்து, எதற்காகப் பார்த்தார்கள் என்பது தெரியும்.

ஈரமணலில் ஆடு நடந்துபோன தடத்தைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் பிளந்த இரண்டு குளம்புகளின் தடம். அடம்பன் இலை அப்படியே இருக்கும். தமிழ்நாட்டில் இதை ஆட்டுக்கால் அடம்பு என்றும் சொல்கிறார்கள். சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753 இல் வெளியிட்ட தன் பெரிய நூலில் இதற்கு வைத்த இலத்தீன் பெயரின் பொருளும் ஆட்டுக்கால்தான். பெஸ் காப்ரே என்றால் ஆட்டின் பாதம். இன்று உலகம் முழுவதும் அறிவியலாளர்கள் எழுதும் பெயர் ஐபோமியா பெஸ் காப்ரே.

ஆனால் மலேயாக் கரையில் இதே கொடிக்குப் பெயர் தாப்பாக் கூடா. குதிரைக் குளம்படி என்று பொருள். தாய்வானில் இதைக் குதிரைச் சேணக் கொடி என்கிறார்கள். ஜப்பானின் தென்தீவுகளில் குன்பாய் ஹிருகாவோ. குன்பாய் என்பது முன்பு படைத்தலைவர்கள் கையில் பிடித்ததும், இன்று சூமோ மல்யுத்த நடுவர் பிடிப்பதுமான விசிறி. ஆடு எங்கே போனது, குதிரையும் சேணமும் விசிறியும் எப்படி வந்தன என்று எனக்கும் வியப்பாகத்தான் இருந்தது. காரணம் எளிது. இந்தக் கொடியில் இரண்டு வகைகள் உண்டு. இந்து சமுத்திரத்தின் வடக்குக் கரைகளில், அதாவது நம்முடைய கரைகளில் உள்ள வகையின் இலை ஆழமாகப் பிளந்திருக்கும். பசிபிக், அத்திலாந்திக் கரைகளில் உள்ள வகையின் இலையில் நுனியில் ஒரு சிறிய வெட்டு மட்டும்தான் இருக்கும். பிளவு ஆழமாக இருந்த இடத்தில் ஆட்டின் குளம்பைக் கண்டார்கள், இல்லாத இடத்தில் குதிரையின் குளம்பைக் கண்டார்கள். அமெரிக்காவில் இலையை விட்டுவிட்டுத் தண்டைப் பார்த்தார்கள். மணலில் நேர்கோட்டில் பல மீற்றர் நீளத்துக்கு ஓடும் தண்டு தண்டவாளம் போல இருந்ததால் அங்கே இது இரயில்பாதைக் கொடி. தாய்லாந்தில் இது கடற்கங்குன்.

உலகின் வெப்பக் கரைகள் எல்லாவற்றிலும் ஒரே கொடி எப்படி வந்தது என்றால், விதை கடலில் மிதக்கும். மாதக்கணக்கில் உப்புத் தண்ணீரில் கிடந்தாலும் சாகாது. ஏதோ ஒரு கரையில் ஒதுங்கி, மழைத்தண்ணீர் பட்டால் முளைக்கும்.

ஹவாய்த் தீவில் இதன் பெயர் போஹுவேஹுவே. அங்கே அலை போதாத நாட்களில், அலைமேல் சறுக்கி விளையாட விரும்பியவர்கள் இந்தக் கொடியைப் பிடுங்கிக் கடலை அடிப்பார்களாம், அலை எழும் என்று. இதை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். எங்கள் கரையில் யாரும் அலையைக் கூப்பிட மாட்டார்கள்.

தமிழில் இந்தக் கொடியின் பழைய பெயர் அடும்பு. சங்க இலக்கியத்தின் நெய்தல் பாடல்களில் இது திரும்பத் திரும்ப வருகிறது. குறுந்தொகையில் நம்பிகுட்டுவன் என்ற புலவர் இதன் இலையை மானின் அடிக்கும், பூவைக் குதிரையின் மாலையில் கோக்கும் மணிக்கும் ஒப்பிட்டார். லின்னேயஸ் ஆட்டின் காலைக் காண்பதற்குப் பதினைந்து நூற்றாண்டுக்கும் முன்பே ஒருவர் மானின் காலைக் கண்டிருக்கிறார். பிளந்த குளம்புதான் இரண்டும். அம்மூவனார் பாடிய இன்னொரு குறுந்தொகைப் பாட்டில், கடற்கரையில் விளையாடும் பெண்பிள்ளைகள் அடும்பம் பூவையும் நெய்தல் பூவையும் சேர்த்துத் தொடுத்து ஈரக் கூந்தலில் சூடியிருக்கிறார்கள். அவர்களைக் கண்டு பயந்த நண்டு கடலுக்குள் ஓடுகிறது. ஐங்குறுநூற்றில் அவரே பாடிய நெய்தல் நூறு, தலைவனின் தேர் அடும்பங்கொடியை அறுத்துக்கொண்டு வருவதோடு தொடங்குகிறது. இந்தப் பாடல்களில் அடும்பு ஒரு அலங்காரம் அல்ல. கடற்கரை என்று சொன்னால் கண்ணுக்கு முதலில் தெரிவது அதுதான் என்பதால் வருகிறது.

1678 முதல் 1693 வரை ஒல்லாந்தர் பன்னிரண்டு தொகுதிகளாக அச்சிட்ட மலபார்த் தாவர நூலிலும் இந்தக் கொடி இருக்கிறது. கொச்சியின் ஒல்லாந்த ஆளுநராயிருந்த வான் ரீட் தொகுத்த நூல் அது. பதினோராம் தொகுதியில், 1692 இல், சுவன்ன அடம்பு என்ற மலையாளப் பெயரிலேயே இதன் படத்தைப் போட்டார்கள். சுவன்ன என்றால் சிவந்த. கேரளத்திலும் அடம்பு, நம்மிடத்திலும் அடம்பு. மன்னாரில் அடம்பன் என்றே ஓர் ஊர் உண்டு. போர்க்காலத்தில் வன்னியில் இருந்தவர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னால் கொடி நினைவுக்கு வராது.

சிங்களத்தில் இதை முஹுது பிம் தம்புரு என்பார்கள். முஹுது கடல், பிம் நிலம், தம்புரு தாமரை. கடலோரத்துத் தரைத் தாமரை என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே வளரும் இன்னொரு செடியைப் பற்றியும் சொல்லாமல் போக மனமில்லை. ஊசிபோல் குத்தும் இலைகளும், காய்ந்தால் பந்துபோல் உருண்டு காற்றில் ஓடும் காய்க்கொத்தும் உள்ள ஒரு புல். தமிழில் இராவணன் மீசை. சிங்களத்தில் மகா ராவணா ரவுல, அதாவது இராவணனின் தாடி. மீசையா தாடியா என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஆள் யார் என்பதில் இரண்டு மொழிக்கும் சண்டையில்லை.

எங்கள் கரையில் பேச்சு ஊருக்கு ஊர் மாறும். பெரியநீலாவணையில் தொடங்கி மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தெற்கே போகப் போகத் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து வரும். எல்லை ஒரு ஒழுங்கையாக இருக்கும். அந்த ஒழுங்கையைத் தாண்டினால் சின்னம்மா சாச்சியாகிவிடுவார், அண்ணன் காக்காவாகிவிடுவார், அம்மா உம்மாவாகிவிடுவார். ஆனால் ஒழுங்கைக்கு இரண்டு பக்கமும் இந்தக் கொடி அடம்பன்தான். சொறிமுட்டை பட்டுத் தோல் எரிந்தால் இலையைக் கசக்கித் தேய்ப்பதும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். எங்கள் மூத்தம்மா அதை வாட்டி முழங்காலில் வைத்துக் கட்டுவார். தாய்லாந்து ஆய்வாளர்கள் இந்தக் கொடியின் சாறு சொறிமுட்டையின் நஞ்சை முறிக்கிறது என்று 1991 இல் ஆய்வுக்கூடத்தில் காட்டினார்கள். அதற்காக விதையையோ வேரையோ யாரும் அவித்துக் குடித்துவிட வேண்டாம், வயிற்றோட்டம் கடுமையாகப் போகும்.

இனிப் பழமொழிக்கு வருகிறேன். இலங்கைத் தமிழ் அரசியல் மேடைகளில் இதைவிட அதிகம் சொல்லப்பட்ட பழமொழி வேறு இருக்குமா தெரியாது. கட்சிகள் கூட்டுச் சேரும்போதும், இயக்கங்கள் கூட்டுச் சேர்ந்தபோதும், பிரிந்த பிறகு திரும்பவும் சேர்ந்தபோதும் அடம்பன் கொடி திரண்டது. 'தமிழ் பேசும் மக்கள்' என்று தமிழரசுக் கட்சி சொன்ன காலத்தில் அந்தத் திரட்சியில் நாங்களும் இருந்தோம். 1956 தேர்தலில் கல்முனையிலும் பொத்துவிலிலும் அந்தக் கட்சியில் நின்று வென்றவர்கள் முஸ்லிம்கள். இன்றைய பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்புவதில்லை.

பிறகு நடந்ததையும் இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். 1990 ஓகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். ஒன்பது நாள் கழித்து, ஓகஸ்ட் 12 இல், வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு நீண்ட காலம் எங்கள் பக்கத்தில் யாராவது அந்தப் பழமொழியைச் சொன்னால், 'யாரோட திரள்றது?' என்று ஒருவர் கேட்பார். ஒழுங்கைக்கு அந்தப் பக்கத்திலும் அதே கேள்வி இருந்திருக்கும். 2019 ஜூனில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். அதற்கு எதிராக இந்தப் பக்கத்திலும் ஆட்கள் இறங்கினார்கள். இரண்டு மேடைகளிலும் ஒற்றுமைதான் பேசப்பட்டது. அவரவர் ஒற்றுமை.

எனக்கு இந்தப் பழமொழியில் நெடுநாளாக ஒரு சங்கடம் உண்டு. திரள்வது என்று சொன்னதும் நாங்கள் நினைப்பது கயிறு. பல கொடிகளை ஒன்றாகப் பிடித்து முறுக்கினால் வலுவான கயிறாகும் என்று. பழமொழியைச் செய்தவர் அப்படித்தான் நினைத்திருப்பார், கயிற்றுக்கு அது பொருந்தும். ஆனால் மணலில் கிடக்கும் கொடி தன் வலுவை அப்படிப் பெறுவதில்லை.

ஒரு கொடியை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். வராது. ஒவ்வொரு கணுவிலும் தனித்தனியாக வேர் இறங்கியிருக்கும். தாய் வேரை அறுத்துவிட்டாலும் கணுக்கள் தங்கள் வேரிலேயே நின்று வாழும். காற்று மணலைத் தூக்கி வரும்போது இலைகளில் மோதி வேகம் குறையும், மணல் அங்கேயே விழும். கொடி புதைந்துபோகும். புதைந்த இடத்திலிருந்து மேலே வளர்ந்து திரும்பவும் மணலின் மேல் படரும், திரும்பவும் வேர் விடும். இப்படி ஒரு முழம் உயரத்துக்கு ஒரு திட்டு உருவாகும். அந்தத் திட்டில் இராவணன் மீசை வரும். மணல் அடங்கிய பின் தாழை வரும், பிறகு மரங்கள். கடற்கரை மணல்மேடு இப்படித்தான் தொடங்குகிறது. ஒன்றன்மேல் ஒன்று பல கொடிகள் ஓடினாலும் அவை ஒன்றையொன்று முறுக்கிக்கொள்வதில்லை. ஒவ்வொன்றும் தன் இடத்தில் வேர் விட்டிருப்பதால்தான் மணல் நிற்கிறது.

மணல்மேடு போனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கல்முனைப் பகுதி ஒரு ஒடுங்கிய மணல் நிலம். கிழக்கே கடல், மேற்கே வயல். நாங்கள் குடித்து வளர்ந்த கிணற்றுத் தண்ணீர் அந்த மணலுக்குள் தங்கிய மழைத்தண்ணீர். உப்புத் தண்ணீரின் மேல் நன்னீர் ஒரு படையாக மிதந்து நிற்கிறது. மணல் குறைந்தால் அந்தப் படையும் மெலியும், கிணறு உவர்க்கும்.

2004 டிசம்பர் 26 அன்று இலங்கையில் மிக அதிகமானோர் இறந்தது அம்பாறை மாவட்டத்தில்தான். பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் கடலோரத்து வளவுகளில் வீடுகள் அத்திவாரத்தோடு போயின. அடம்பன் கொடி சுனாமியைத் தடுத்திருக்கும் என்று சொன்னால் அது பொய். அப்படி ஒரு அலையைக் கொடியால் தடுக்க முடியாது. உயர்ந்த பழைய மணல்மேடுகளுக்கு மட்டும் கொஞ்சம் தடுக்க முடிந்தது. யால பகுதியில் மேடு முழுதாக இருந்த இடங்களில் தண்ணீர் உள்ளே வரவில்லை, கடல் தெரிய வேண்டும் என்று மேட்டை வெட்டியிருந்த விடுதி ஒன்று அழிந்தது. எங்கள் ஊர்களில் மேடு என்று சொல்ல அன்றைக்கே எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. வீடுகள் அலை தொடும் தூரம் வரை வந்திருந்தன.

அலை போன பிறகு கிணறுகள் எல்லாம் உவர்த்துக் கிடந்தன. இறைக்க இறைக்க உப்புத்தான் ஊறியது. மாரி மழைகள் கடந்த பிறகே தண்ணீர் வாயில் வைக்கும்படி ஆனது. அதே மழைகளில், வீடு இருந்த இடங்களில், உடைந்த சீமெந்துத் தரைகளுக்கு நடுவே அடம்பன் படர்ந்து பூத்ததை நான் பார்த்தேன். எங்கள் மூத்தம்மாவின் வீட்டு வாசற்படிமேலும் பூத்திருந்தது. வீட்டில் வேறு எதுவும் இல்லை, படி மட்டும்தான். அழகாக இருந்தது என்று சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை. இப்போதும் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அரசாங்கம் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றது. அந்தத் தூரம் பிறகு தளர்த்தப்பட்டாலும், பலர் மேற்கே வீட்டுத் திட்டங்களுக்குப் போய்விட்டார்கள். போனவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நாங்களும் போனவர்கள்தான். உம்மா இன்றுவரை கடலைப் பார்க்க வருவதில்லை. இப்படித்தான் கொடியின் பெயர் அறுந்தது. பெயர் தெரிந்தவர்கள் கடலுக்குப் போவதில்லை. கடலுக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பெயர் சொல்ல அங்கே ஆள் இல்லை. எஞ்சியது பழமொழி. அது மேடையில் இருக்கிறது.

பெயர் இல்லாத செடி குப்பையோடு குப்பையாகப் போகும். கடற்கரையைத் துப்புரவு செய்கிறோம் என்று வரும் இளைஞர்கள் நல்ல எண்ணத்தோடுதான் வருகிறார்கள். பிளாஸ்டிக் போத்தலோடு சேர்த்துக் கொடியையும் வாரி மூட்டை கட்டுகிறார்கள். கேட்டால், 'காடு பத்திக் கிடக்கு, பாம்பு வரும்' என்கிறார்கள். பார்க் கட்டுவதற்கும், நடைபாதை போடுவதற்கும் முதலில் வழிப்பது இதைத்தான். வழித்த மறு வாடையில் அந்த மணல் ரோட்டில் கிடக்கும்.

தெற்கே ஒலுவிலில் துறைமுகம் 2013 இல் திறக்கப்பட்டது. டென்மார்க் கடனில் கட்டியது. கடலுக்குள் நீட்டிய கல்லணை, கரையோரமாக ஓடும் மணலின் ஓட்டத்தை மறித்தது. துறைமுக வாயை மணல் அடைத்தது, வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னந்தோட்டங்கள் கடலுக்குள் போயின. அப்படிப்பட்ட அரிப்புக்கு அடம்பனை நட்டால் சரியாகும் என்று யாராவது திட்டம் எழுதினால் நம்பாதீர்கள். அலை அடியோடு அறுக்கும் கரையில் கொடியும் அறுந்துதான் விழும். அங்கே தீர்க்க வேண்டியது மணலின் ஓட்டத்தை. காற்றடிக்கும் மணலை, அலை கொண்டுவந்து போட்ட மணலைப் பிடித்து வைப்பதுதான் அடம்பனின் வேலை. பாண்டிருப்பு, மருதமுனை போன்ற இடங்களில் இன்னும் அந்த மணல் வந்துகொண்டிருக்கிறது.

நடுவதற்குப் பெரிய செலவு ஏதும் இல்லை. கார்த்திகையில் மழை தொடங்கிய பிறகு, நன்றாகப் படர்ந்த கொடியிலிருந்து நாலைந்து கணு உள்ள துண்டுகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். வேர் விட்ட கணுவாக இருந்தால் இன்னும் நல்லது. பெருக்குத் தண்ணீர் வழமையாக ஏறும் கோட்டுக்கு மேலே, ஒரு சாண் ஆழத்தில் இரண்டு மூன்று கணுக்கள் மணலுக்குள் போகும்படி கிடையாகப் புதைத்து, நுனியை வெளியே விட வேண்டும். மழைதான் தண்ணீர். தோணி இழுக்கும் தடத்திலும் கரைவலை இழுக்கும் தடத்திலும் நட வேண்டாம், மீனவர்களிடம் கேட்டு இடம் விட்டு நட வேண்டும். மற்றப்படி தை, மாசி வரை யாரும் அதை வாராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மருமகன் அன்றைக்கு அந்தச் செயலியில் தமிழ்ப் பெயர் சேர்க்க ஏதாவது வழி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தான். கிடைக்கவில்லை. பிறகு படத்தைத் தன் வகுப்புக் குழுவில் போட்டு, 'இது என்ன?' என்று கேட்டான். வீடு வந்து சேர்வதற்குள் பதினொரு பதில்கள் வந்திருந்தன. ஒன்பது பேர் தெரியாது என்றார்கள். ஒருத்தி வத்தாளை என்றாள். நிந்தவூரிலிருந்து வந்து படிக்கும் ஒரு கரைவலைக்காரரின் மகன் மட்டும், 'அடம்பன்டா, இதுவும் தெரியாதா?' என்று எழுதியிருந்தான்.